வரப்பில் நின்ற வள்ளலுக்கு வாழ்த்துமடல்

மாண்புமிகு பெரியவரே!

காதுகுத்துக்கும் கடைதிறப்புக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு வாழ்த்துமடல் நீட்டுகிற நம் ஊரில், இருபது வருடமாக வரப்பைவிட்டு இறங்காமல் நின்று பார்த்த உங்களுக்கு மட்டும் ஒரு மடல் இல்லை. இது ஊருக்கே இழுக்கு. அந்தக் குறையைப் போக்கவே இதை எழுதுகிறோம்.

ஒற்றை நாற்று நடவு என்ற ஒன்று தஞ்சைப் பக்கம் வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். முப்பது நாள் வளர்த்த நாற்றைப் பிடுங்கி, குத்துக்கு நாலும் ஐந்துமாகச் சேர்த்து நட்டுக்கொண்டிருந்த நம்மிடம், பதினான்கே நாளான இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரம் சதுரமாக நடச் சொன்னார்கள் வேளாண்மைத் துறையினர். ஏக்கருக்கு 30 கிலோ விதை விட்ட இடத்தில் இரண்டு மூன்று கிலோ போதும் என்றார்கள். எட்டு சென்ட் நாற்றங்காலுக்குப் பதில் ஒரு சென்ட். தண்ணீரைத் தேக்கி வைக்காதே, மண்ணில் மயிரிழை வெடிப்பு ஓடும்போது பாய்ச்சு என்றார்கள். அதைச் சொன்ன கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கினார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து, "மொதல்ல எவனாச்சும் போட்டுப் பாக்கட்டும்யா" என்று ஒரே வாக்கியத்தில் கூட்டத்தை முடித்து வைத்தீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பேருக்கு எவ்வளவு வேலை மிச்சம்!

உங்கள் பக்கத்து வயல்காரர் ஒரு மா நிலத்தில் போட்டார். நட்டு மூன்று வாரம் வயல் மொட்டையாகத்தான் கிடந்தது. சதுரத்துக்கு ஒரு பச்சை நூல், நடுவில் வெறும் சேறு. உங்கள் பெருமை வெளிப்பட்டது அந்த மூன்று வாரத்தில்தான். தினமும் காலையில் பல்குச்சியோடு அந்த வரப்பில் போய் நின்றீர்கள். துக்கம் விசாரிக்கிற குரலில் "என்ன தம்பி, இப்படிப் பண்ணிட்டே" என்றீர்கள். டீக்கடைக்கு வந்து, கேட்காதவர்களுக்கும் சொன்னீர்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டி அந்த வயலைப் பார்க்கும்படி செய்ததும் நீங்களே. புதிதாக ஒன்றைத் தொட்டவனுக்குப் பூச்சியாலும் புயலாலும் வராத பயத்தைக் கைக்காசு செலவில்லாமல் கொடுக்கிற இந்தக் கொடைக்குணத்துக்காகவே உங்களை வள்ளல் என்கிறோம்.

அப்புறம் அந்த வயல் உங்களுக்குத் துரோகம் செய்தது. நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கோனோ வீடர் என்ற களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக உருட்டியதில் களை சேற்றுக்குள் அமுங்கி உரமானது. மண் கிளறிவிடப்பட்டு வேருக்குக் காற்றுப் போனது. நாலாவது இலை விடும் முன்பே இடம் மாறிய நாற்று, தூர்கட்டும் சக்தியை இழக்காமல் வந்திருந்தது. பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லை, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஒற்றை நாற்று முப்பதுக்கு மேல் தூர் வெடித்துப் பெரிய குத்தாக நின்றது. முதலில் வேரைப் பெருக்கிவிட்டுத்தான் பயிர் மேலே விரிகிறது என்பதையும், மூன்று வாரம் மண்ணுக்கு மேல் ஒன்றும் தெரியாததற்கு அதுதான் காரணம் என்பதையும் சொல்ல வேளாண் அலுவலர் உங்கள் வீட்டுக்கே வந்தார். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

அறுவடை நாளில் களத்துமேட்டில் எல்லோரும் மூட்டையை எண்ணிக்கொண்டிருக்க, நீங்கள் அசரவில்லை. "அது அந்த மண்ணு வாகு" என்றீர்கள். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒன்றரை அடி வரப்பு மட்டுமே. மண் வாகு அந்த வரப்போடு நின்றுவிடும் என்று கண்டுபிடித்த முதல் விஞ்ஞானி நீங்கள். அடுத்த போகத்தில் "போர் தண்ணி" என்றீர்கள். உங்கள் போர் அவருடையதைவிட ஆழம். அதற்கடுத்த போகத்தில் "கைராசி" என்றீர்கள். அதற்கு எந்த ஆராய்ச்சி நிலையத்தாலும் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் பரம்பரையும் லேசுப்பட்டதல்ல. அதைச் சொல்ல இந்த நடவின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். இந்த முறையை உருவாக்கிய ஹென்றி தெ லொலானியே பிரான்சிலிருந்து மடகாஸ்கருக்குப் போன பாதிரியார். 1961-இல் போய்ச் சேர்ந்தவர், அங்குள்ள உழவர்களோடு வயலில் நின்று கவனித்துக் கவனித்து, 1983 வாக்கில்தான் இளநாற்றின் விசேஷத்தைக் கண்டுகொண்டார். ஆனால் ஒற்றை நாற்றை அகல நடுவது நமக்கு அந்நியச் சரக்கும் அல்ல. 1911 வாக்கிலேயே தமிழில் அதைப் பற்றி எழுதி அச்சிட்டிருக்கிறார்கள். அப்போது வரப்பில் நின்றவர் உங்கள் தாத்தாவாக இருக்க வேண்டும். 1950-களில் ஜப்பான் முறை என்று கயிறு பிடித்து வரிசையாக நடச் சொன்னபோது உங்கள் அப்பா நின்றார். 1960-களில் ஜப்பான் நெல்லோடு கலந்து எடுத்த ஆடுதுறை 27 வந்தபோது, அதற்கான மூட்டை உரத்தை மண்ணில் போட்டால் மண் செத்துப்போகும் என்று பயந்து நின்றார். இன்று நீங்கள் அதே யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து, "இது எங்கப்பா காலத்து விவசாயம், மாத்த முடியாது" என்கிறீர்கள். எதைக் கண்டு அப்பா நடுங்கினாரோ அதையே பிள்ளை பாரம்பரியம் என்று காவல் காப்பது எல்லாக் குடும்பத்துக்கும் வாய்க்காது.

2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு ஆனதையொட்டி, அரசு இந்தச் சாகுபடிக்கு 'ராஜராஜன் 1000' என்றே பெயர் சூட்டியது. நீங்கள் மட்டும் அந்த ராஜாவின் அவையில் இருந்திருந்தால் தமிழகம் எவ்வளவு பாதுகாப்பாக இருந்திருக்கும்! இருநூறடிக்கு மேல் கருங்கல்லில் விமானமா, முதலில் பாண்டியன் கட்டிப் பார்க்கட்டும் என்று சொல்லியிருப்பீர்கள். பாண்டியன் கட்டி முடித்த பிறகு, அது அவன் பாறை வாகு என்றிருப்பீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயந்தவர்கள் எல்லோருக்கும் இந்த மடல் அல்ல. கந்துவட்டிக்கு வாங்கிக் குத்தகை நிலத்தில் போடுகிறவர், ஒரு போகம் தப்பினால் பிள்ளையின் படிப்பு நிற்கும் என்று தயங்கினால் அது கணக்கு. கடைமடைக்காரருக்கு ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பதே நிச்சயமில்லை; வந்த தண்ணீரைத் தேக்காதே என்று அவரிடம் யார் சொல்வது? ஐப்பசி அடைமழையில் முங்குகிற பள்ளக்கால் வயலில் பதினான்கு நாள் நாற்று அழுகித்தான் போகும். நடவுப் பெண்களுக்கும் ஆரம்பத்தில் இது இம்சை: குனிந்த இடுப்போடு ஒற்றை ஒற்றையாகப் பிரித்துச் சதுர முனையில் வைப்பதற்குக் கை பழக வேண்டும், அதற்கான கூலியையும் கொடுக்க வேண்டும். விளைச்சல் சொன்ன அளவுக்கு வருமா என்று விஞ்ஞானிகளே தங்களுக்குள் சண்டை போட்டிருக்கிறார்கள். இத்தனை காரணங்களில் ஒன்றையாவது நீங்கள் சொல்லியிருந்தால், பதில் தேட வேண்டிய தொல்லை எங்களுக்கு வந்திருக்கும். நாலு வேலி நிலமும், மேட்டு வயலும், இரண்டு போரும், கடனில்லாப் பத்திரமும் வைத்துக்கொண்டு, ஒரு காரணமும் இல்லாமல் பயந்தீர்கள் பாருங்கள், அதுதான் கலப்படமில்லாத பயம்.

அந்தப் பயத்தை நீங்கள் வயலோடு நிறுத்தாமல் வீட்டுக்கும் பாசனம் செய்தது தனிக்கதை. கொல்லையில் காளான் கொட்டகை போடுகிறேன் என்ற மகனைத் தடுத்து ஆட்கொண்டீர்கள். அவர் இப்போது திருப்பூரில் யாருடைய கம்பெனியிலோ ஷிப்ட் பார்க்கிறார். அதையும் நீங்கள்தான் சிபாரிசு செய்தீர்கள். ஏற்கெனவே நாலு பேர் போன வேலை என்பதால்.

இன்னொரு சாதனையைச் சொல்லாவிட்டால் மடல் நிறைவுறாது. அதற்கு முன் அந்தப் பக்கத்து வயல்காரரைப் பற்றி ஒரு வார்த்தை: அவர் வீரர் ஒன்றுமில்லை. அவருக்கும் வயிற்றைக் கலக்கியது. நட்ட அன்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய் வயலைப் பார்த்துவிட்டு வந்ததை அவர் வீட்டில் சொல்கிறார்கள். அவர் செய்தது ஒரே தந்திரம்: மொத்த நிலத்தையும் பணயம் வைக்கவில்லை. ஒரு மா போனாலும் குடும்பம் நிற்கும் என்று பார்த்து அந்த ஒரு மாவை மட்டும் எடுத்தார். முதல் வருடம் தப்பு நடந்தது. களை எடுக்கத் தாமதமாகி ஒரு மூலை வீணானது. மூலையோடு போயிற்று. மறுவருடம் மூன்று மா. பயம் அவரைவிட்டு எங்கும் போய்விடவில்லை, நிலத்தின் அளவுக்கு அது சுருங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

உங்களிடமும் அதையே கெஞ்சிக் கேட்டார்கள். ஒரு மா வேண்டாம் ஐயா, பத்துக் குழி போதும், வாய்க்கால் ஓரத்தில் மாடு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில். பத்துக் குழி என்றால் மூணேகால் சென்ட். முழுதும் பொய்த்தாலும் உங்கள் நாலு வேலியில் அது எண்ணூறில் ஒரு பங்கு. நீங்கள் அதற்கும் மசியவில்லை. முழு நிலத்தைப் பணயம் வைக்க மறுப்பவன் சாதாரண உழவன். பத்துக் குழியைக்கூடத் தர மறுக்க அசாத்திய மனவுறுதி வேண்டும்.

அந்தப் பத்துக் குழிக்கு வேண்டிய விதைநெல் நூறு கிராம். அந்த நூறு கிராமைக் குறுவை, சம்பா, தாளடி என்று எந்தப் போகத்திலும் சிந்தாமல், வேளாண்மைத் துறையிடமிருந்தும் சொந்தப் பிள்ளையிடமிருந்தும் இருபது வருடம் கட்டிக் காத்த உங்களுக்கு, ஊரார் சார்பில் இந்த வாழ்த்துமடலை வாசித்தளிக்கிறோம். வாங்கிக்கொள்ளப் பயப்பட வேண்டாம். இதற்கு முன்பும் பலர் வாங்கியிருக்கிறார்கள்.