ஒரே வேன், ரெண்டு பள்ளிக்கூடம்

(பசறை டவுனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயம். 2025 ஓகஸ்ட், புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கிழமை. கொழுந்துக் கூடையை இஸ்தோப்பில் இறக்கிவைத்த சரசு. எதிரே சாவியைச் சுழற்றிக்கொண்டு ஸ்கூல் வேன் ஓட்டும் தங்கராசு. இந்தத் தோட்டத்தில் கல்வி ஆலோசகர் என்று வேறு யாரும் இல்லை.)

தங்கராசு: முடிவா சொல்லு தங்கச்சி. மகனை டவுன் ஸ்கூலுக்கு மாத்துறியா? வேன்ல ஒரு சீட்டுத்தான் மிச்சம்.

சரசு: மூணாம் ஆண்டு இங்கயும் இருக்குதானேண்ணே?

தங்கராசு: இருக்கு. மூணும் நாலும் ஒரே ஹோல்ல, ஒரே டீச்சர்கிட்ட. மூணுக்குச் சொன்னா நாலு சண்டை புடிக்குது, நாலுக்குச் சொன்னா மூணு தூங்குது.

சரசு: எங்க மாமா காலத்துல அஞ்சு வகுப்புக்கும் ஒரே வாத்தியாராம். அதுவும் தொரையோட பள்ளிக்கூடம். 77க்குப் பிறகுதானே அரசாங்கம் எடுத்திச்சு. அப்புறம் சுவீடன்காரன் காசுல சீடா கட்டடமெல்லாம் வந்திச்சு.

தங்கராசு: கட்டடம் வந்திச்சு, புள்ளைங்க போயிருச்சு. 50 புள்ளைக்குக் கொறஞ்ச ஸ்கூலு நாட்டுல 1,500க்கு மேலன்னு போன மாசம் பாராளுமன்றத்துலயே சொன்னாங்க. நம்மதுல எத்தனை?

சரசு: நாப்பத்தொண்ணு. போன வருசம் அறுபது. மத்த பத்தொம்பதும் ஒங்க வேன்லதானே போகுது?

தங்கராசு: வெவரம் தெரிஞ்சவங்க போயிட்டாங்க.

சரசு: டவுன்ல விலாசத்துக்கு அத்தாட்சி கேப்பாங்களே. உறுதி, கரண்டு பில்லு... இந்த லயத்துக் காம்பராவுக்கு உறுதி ஏது? கடுதாசி வந்தாலே தோட்ட ஒப்பீசுக்குத்தான் வருது.

தங்கராசு: எம் மச்சான் வீட்டு விலாசம் இருக்கே. அங்க ஏற்கனவே நம்ம தோட்டத்துப் புள்ளைங்க ஏழு பேரு 'குடியிருக்காங்க'. ரெண்டு காம்பரா வீடு.

சரசு: வேன் காசு?

தங்கராசு: மாசம் ஏழாயிரம். ஒனக்காகத்தான்.

சரசு: ஒரு நாள் பேருக்கு 1,350 ரூவா. அஞ்சு நாளைக்கு மேல ஒங்களுக்கே கொழுந்து பறிக்கணும். கிலோ கொறஞ்சா அரைப்பேரு போட்டுருவாங்க.

தங்கராசு: டியூசன் தனி. புலமைப்பரிசில்னா லேசா? பின்னேரம் டவுன்ல ஒரு சேர் எடுக்கிறாரு, இடம் கெடைக்காது.

சரசு: எந்தச் சேர்?

தங்கராசு: நம்ம தோட்டத்து ஸ்கூல் சேருதான்.

சரசு: அவரு காலையில இங்க சும்மா படிப்பிக்கிறாரே!

தங்கராசு: சும்மா படிப்பிக்கிறதுக்கும் காசுக்குப் படிப்பிக்கிறதுக்கும் வித்தியாசம் இல்லையா? 2015ல மாசம் 6,000 ரூவாய்க்கு ஆசிரிய உதவியாளரா வந்தவரு. அப்ப பட்ட கடனே இன்னும் அடையலயாம்.

சரசு: சரி, புள்ளைங்களை எறக்கிட்டு காலையில சும்மாவா திரும்புவீங்க?

தங்கராசு: வெறும் வேன் ஓட்டிக் கட்டுப்படியாகுமா? ஏழேகாலுக்குக் கீழ எறக்குவேன். மேல வரையில இங்க படிப்பிக்கிற டீச்சர்மாரை ஏத்திக்கிட்டு வருவேன்.

சரசு: அதான் எட்டேகாலுக்கு மணி அடிக்குதா? பன்னெண்டரைக்கே புள்ளைங்க வீட்டுக்கு வருதே, அது?

தங்கராசு: டவுன் ஸ்கூல் ஒண்ணரைக்கு விட்டுரும். அதுக்கு முன்ன நான் கேட்டுல நிக்கணும். டீச்சர்மாரை விட்டுட்டு எறங்க முடியுமா?

சரசு: அப்ப ஒங்க வேனாலதான் இங்க படிப்பு கொறையுது. படிப்பு கொறையுதுன்னுதான் எல்லாரும் ஒங்க வேன்ல ஏறுறாங்க.

தங்கராசு: வேனை நிப்பாட்டிப் பாரு, ஒரு டீச்சரும் வரமாட்டாங்க. இங்க மணின்னு ஒண்ணு அடிக்குதுன்னா அது என் புண்ணியம்!

சரசு: மாத்தி ஓட்டுங்களேன். மொதல்ல டீச்சர்மார் மேல, பிறகு புள்ளைங்க கீழ.

தங்கராசு: டவுன்ல ஏழரைக்குக் கேட்டை மூடிருவாங்க. இங்க கேட்டே இல்ல, யாரு மூடப்போறா?

சரசு: 2021ல பதிமூணாங்கட்டையில பஸ்ஸு விழுந்ததுல இருந்து, புள்ளையை ரோட்டுல அனுப்பவே வயித்தைக் கலக்குது.

தங்கராசு: அது லுணுகலை ரோட்டு.

சரசு: ஒங்க வேன்ல எத்தனை சீட்டு?

தங்கராசு: பன்னெண்டு. சின்னப் புள்ளைங்கதானே, நெருங்கி ஒக்காரும்.

சரசு: எம்மகனும் போனா இங்க நாப்பது.

தங்கராசு: கணக்கைப் பாத்து வலயக் கல்வி ஒப்பீசுல இங்கருந்து இன்னொரு டீச்சரைத் தூக்கிருவாங்க. அதுக்கு முன்ன போயிரணும்ங்கிறேன்.

சரசு: (முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி) முன்பணம் எவ்வளவு?

தங்கராசு: ரெண்டு மாசம். காசுக்குத் துண்டெல்லாம் கேக்காத.