கொடையில் உனக்கு நிகர் யார்?

குரோவேஷிய அரசே, உன் சிற்றூர்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க உன் வள்ளன்மைதான் நெஞ்சை நிறைக்கிறது. 2021 கணக்கெடுப்பில் உன் குடிகள் 38 லட்சத்து 71 ஆயிரம் பேர். முந்தைய பத்தாண்டில் நான்கு லட்சம் பேருக்கு மேல் குறைந்துவிட்டார்கள். ஆனால் நாற்காலிகள் குறைய நீ விட்டாயா? ஊராட்சிகள் மட்டும் 428. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு மன்றம், ஒரு முத்திரை.

செட்டினா ஆறு பிறக்கும் சிவ்ல்யானேயைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1991 முதல் 1995 வரை நடந்த போர் அங்கே வீடு வீடாகக் காலி செய்தது. இன்று இரண்டே ஊர்கள். இருநூறு பேர்கூட இல்லை. இருந்தும் அதைத் தனி ஊராட்சியாகவே வைத்திருக்கிறாய். ஆற்றின் ஊற்றுக்கு அருகில் ஒன்பதாம் நூற்றாண்டின் புனித மீட்பர் தேவாலயம். கூரை போய்விட்டது, மணிக்கூண்டு நிற்கிறது. அதைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கல்லறைகள். உன் குடிகளில் இந்தக் கல்லறைவாசிகளைப் போல ஊர்ப்பற்று உள்ளவர்கள் வேறு யார்? வேலை கேட்டதில்லை, பேருந்து கேட்டதில்லை, பள்ளிக்கூடம் கேட்டதில்லை. 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கதவு திறந்தபோதும் ஒருவர்கூட ஜெர்மனிக்குப் புறப்படவில்லை.

ஹூம் ஊருக்கு உலகின் மிகச் சிறிய நகரம் என்ற பட்டம். நிர்வாகமோ பூஸெத் நகரத்தின் கையில். பட்டத்துக்குச் செலவில்லை.

த்ராவா ஆற்றங்கரை லெக்ராதில் ஏழைக்கும் வீடு கிடைக்க வழி பிறந்தது. பாழடைந்த வீடுகளை அந்த ஊராட்சி அன்றைய நாணயத்தில் ஒரு குனாவுக்கு விற்றது. இப்போதைய கணக்கில் ஒரு யூரோவுக்கு ஏழு வீடு! வாங்குபவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் தங்க வேண்டும். வீட்டை இவ்வளவு மலிவாக்குவது எளிய காரியமா? அதற்குப் பல தலைமுறை இளைஞர்களை வெளியே அனுப்பிவைத்திருக்க வேண்டும். 1710இல் த்ராவா தடம் மாறி லெக்ராதை மெஜிமுர்யே வட்டாரத்திலிருந்து பிரித்து மறுகரையில் சேர்த்தது. ஆற்றுக்கு அவ்வளவுதான் முடிந்தது. ஊராரை அதனால் அசைக்க முடியவில்லை. நீ ஆற்றைவிட வல்லமை உள்ளவன்.

கிர்க் தீவின் யுராந்த்வோர் சிற்றூரில் 1100ஆம் ஆண்டு வாக்கில் வடித்த கற்பலகை ஒன்று உண்டு. ஸ்வோனிமிர் மன்னர் அங்குள்ள புனித லூசியா தேவாலயத்துக்கு நிலம் கொடுத்ததை க்ளகோலித்திக் எழுத்தில் சொல்லும் கல் அது. மன்னர் ஊருக்குக் கொடுத்தார்; நீ 1934இலிருந்து அதைத் தலைநகர் ஸாக்ரெபில் பத்திரமாக வைத்திருக்கிறாய். ஊரையும் மறந்துவிடவில்லை, தேவாலயத்தில் அச்சு அசலாக ஒரு நகல் இருக்கிறது. மியூனிக்குக்கும் டப்ளினுக்கும் போன பிள்ளைகளுக்கும் அப்படி ஆளுக்கொரு நகல் செய்து தந்துவிடு. சிவ்ல்யானேயில் இடம் நிறைய இருக்கிறது.