காட்பாடியிலிருந்து அல்பேனியாவுக்குச் சிக்கனமாகச் செல்லுதல்: ஓர் ஒப்பியல் நோக்கு

அல்பேனியா என்பது ஒரு நாடு.

ஆய்வேட்டின் முதல் வாக்கியத்தை எவராலும் மறுக்க முடியக் கூடாது என்று என் தங்கை மகன் சொல்லிக் கொடுத்தான். முனைவர் பட்டம் வாங்கியவன்; வாசலில் பெயர்ப்பலகையும் மாட்டியிருக்கிறான். போன மாதம் தான் கட்டுரை படித்த பன்னாட்டுக் கருத்தரங்குக்கு என்னையும் அழைத்துப் போனான். பன்னாடு எங்கே என்று தேடினேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒருவரை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கட்டுரையாளருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம், பிறகு சாப்பாடு, சாப்பிட்டவருக்குச் சான்றிதழ். தொகுதி தலையணை கனம். திரும்பி வரும்போது, “இன்னா மாமா, நீயும் ஒண்ணு எழுதேன்” என்றான். எழுதிவிட்டேன்.

ஆய்வு நோக்கம்: ஆய்வாளரும் அவர் மனைவியும் நம்மூரிலிருந்து அதிகம் பேர் போகாத ஒரு மத்தியதரைக் கடல் நாட்டுக்குக் குறைந்த செலவில் போய்வருதல். கருதுகோள்: முடியும். ஆய்வு எல்லை: வங்கிப் புத்தகத்தின் கடைசி வரி.

கிரீஸ், இத்தாலி என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஏன் அல்பேனியா? இதற்கு விடை ஆம்பூரில் இருக்கிறது. அங்கே ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கணக்கெழுதினேன். தோலை வெட்டி, மடிக்கும்போது புடைக்காமலிருக்க ஓரத்தை ஸ்கைவிங் மெஷினில் சீவி மெலிதாக்குவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைப்பார்கள். தைத்த அப்பர் (ஷூவின் மேல்பாகம்) சில நேரம் அப்படியே கப்பலேறிவிடும். சோல் ஒட்டுவதும் பெயர் வைப்பதும் ஐரோப்பாவில். அல்பேனியாவிலும் இதே கதைதான். இத்தாலியிலிருந்து தோல் வரும், அல்பேனியப் பெண்கள் தைப்பார்கள், அப்பர் இத்தாலிக்கே திரும்பும். டுர்ரஸ் துறைமுகத்தில் ராத்திரி கப்பல் கிளம்பினால் விடிந்ததும் இத்தாலியின் பாரி. அங்கே இதற்கு ‘ஃபசோன்’ என்று பெயர். நம்மூரில் ஜாப் ஒர்க். ஆக, ஒரு வெள்ளைக்காரரின் இடது கால் ஆம்பூரிலும் வலது கால் அல்பேனியாவின் டிரானாவிலும் தைக்கப்பட்டது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு (சான்று: ஆம்பூர் பாய் ஒருவர், வாய்மொழி). பாய் சொன்னது “இருக்கலாம் சார்” மட்டுமே. ‘இருக்கலாம்’ என்பதை ‘அறிஞர் நிறுவியுள்ளனர்’ என்று எழுதுவது ஆய்வு மரபு.

நாணயவியல். அல்பேனிய நாணயம் லேக், 1926இல் வந்தது, மாவீரன் அலெக்சாண்டர் பெயரின் சுருக்கம். ஒரு லேக் சற்றேறக்குறைய ஒரு ரூபாய். பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம் என்று மகிழ்வதற்குள் ஒரு பூஜ்யம் குறுக்கே வருகிறது. 1965இல் பத்துப் பழைய லேக்கை ஒரு புது லேக் ஆக்கினார்கள். அறுபது வருடமாகியும் பலர் வாயில் பழைய கணக்குதான். ஆயிரம் என்பார்கள், நூறு கொடுத்தால் போதும். காட்பாடிக்காரனுக்கு இது புதிதா? 1957இல் நயா பைசா வந்தும் எங்கள் அத்தை சாகும்வரை இருபத்தைந்து காசை நாலணா என்றே சொன்னாள். வேறுபாடு ஒன்றுதான்: அத்தை கணக்கில் நமக்கு நஷ்டம் வந்ததில்லை.

போக்குவரத்துக்கு ஃபுர்கோன் என்ற வேன் உண்டு. நேர அட்டவணை கிடையாது. ஆள் நிரம்பினால் கிளம்பும். காட்பாடி ஜங்ஷன் வாசலில் “பாகாயம், பாகாயம், ஒரு சீட்டு” என்று கூவி, அந்த ஒரு சீட்டில் மூன்று பேரை ஏற்றும் ஷேர் ஆட்டோவின் பிறழ்வடிவம் இது (ஜங்ஷன் எதிர் டீக்கடை, மூன்றாவது பெஞ்ச், வாய்மொழி).

கடற்கரை: உண்டு.

பதுங்கு குழி: என்வர் ஹோஜா ஆட்சியில் லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள், எதிரி வரவில்லை. இதற்கு இணை நம்மூரில் என்ன என்று தங்கை மகன் கேட்டான். பாலாற்றுப் பாலம் என்றேன். (2021 நவம்பர் வெள்ளம் விதிவிலக்கு, விதிவிலக்குகளை ஆய்வாளர்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள்.)

சமயம்: 1967இல் அல்பேனியா தன்னை நாத்திக நாடு என்று அறிவித்துக் தேவாலயங்களையும் மசூதிகளையும் மூடியது. வேலூர்க் கோட்டைக் கோயிலிலும் 1981 வரை சாமி இல்லை. ஒற்றுமை வெளிப்படை, விளக்கினால் கெட்டுவிடும்.

இயல் 4 நெறியாளர் ஆலோசனைப்படி நீக்கப்பட்டது. அவர் படித்த இயல் அது ஒன்றுதான்.

இனி மொழியியல். ஒரு பத்தியில் முடிக்கத்தான் நினைத்தேன். அல்பேனிய மொழியில் ‘ஆம்’ என்பதற்குச் சொல் ‘போ’. ‘இல்லை’ என்பதற்கு ‘யோ’. இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. ‘போ’, ‘யோவ்’ இரண்டும் எங்களூர் பஸ் நிறுத்தத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவை. இரண்டு சொல் கிடைத்தால் ஒரு கட்டுரை, மூன்று கிடைத்தால் ஒரு நூல், நான்கு கிடைத்தால் ஒரு கண்டத்தையே கடலுக்கடியிலிருந்து தூக்கிவிடலாம் என்பது நம் சொல்லாய்வுத் துறையின் நடைமுறை.

சொற்பிறப்பைப் பார்ப்போம். போ > போகலாம் > சரி > ஆம். ‘யோவ், கைய எடு’ என்ற தொடரில் பின்பாதி தேய்ந்து, மறுப்பு மட்டும் ‘யோ’வில் எஞ்சியது. அல்பேனிய நெடுங்கணக்கின் 36 எழுத்துகளில் இசட்டும் எச்சும் சேர்ந்த ஓர் எழுத்து இருக்கிறது. நாம் ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதுவதும் அப்படித்தான். அவர்கள் அதை வேறு மாதிரி ஒலிக்கிறார்கள் என்பது துணைச்செய்தி. மறுப்பவர் தமிழறியாதார். (இந்த வாக்கியத்தை இயல்தோறும் ஒருமுறை சேர்த்தால் மறுப்பு வராது என்றான் தங்கை மகன்.)

வரலாற்றுப் பின்னணியும் உண்டு. 1854இல் பிரான்ஸ் பாப் என்ற ஜெர்மானிய அறிஞர் அல்பேனியத்தை இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் சேர்த்தார். இரண்டே வருடத்தில், 1856இல், கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அதே 1856இல்தான் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்தில் கிளம்பி, வாலாஜா ரோடு வரை வந்து நின்றது. காட்பாடிக்கு இன்னும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கும் அன்றே தண்டவாளம் போட்டிருந்தால், கால்டுவெல் காட்பாடியில் இறங்கி, போ, யோவ் இரண்டையும் காதாரக் கேட்டு, அல்பேனியத்தைத் திராவிடத்தில் சேர்த்திருப்பார். ரயில்வேயின் சிக்கனத்தால் ஒரு மொழி குடும்பம் மாறிவிட்டது (காண்க: ஜங்ஷன் எதிர் டீக்கடை, மூன்றாவது பெஞ்ச், வடக்கு ஓரம், மழை நாள், மேலது, திருத்திய இரண்டாம் பதிப்பு: சொன்னவர் மறுநாள் வந்து, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார், மேலது, மூன்றாம் பதிப்பு: டீக்கடைக்காரர் முன்னுரையுடன், பாக்கி கேட்டு).

இன்னும் வலுவான சான்று தலையில் இருக்கிறது. அல்பேனியர் மரபாக ‘ஆம்’ என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள். ‘இல்லை’ என்பதற்கு மேலும் கீழும். வெளிநாட்டார் எல்லாரும் இதில் குழம்புவார்கள், நம்மைத் தவிர. நாம் ஆட்டுவது இரண்டிலும் சேராது; எந்த நாட்டிலும் செல்லும்.

கள ஆய்வு வீட்டில் நடைபெற்றது. மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அல்பேனியா போலாமா?”

“எங்க?”

“அல்பேனியா. இத்தாலி பக்கத்துல.”

“போங்க!” என்றாள், தலையை இடவலமாக ஆட்டி.

அல்பேனிய இலக்கணப்படி சொல்லும் ஆம், தலையும் ஆம். ‘ங்க’ மரியாதைப் பன்மை. சம்மதம் இருமுறை உறுதிப்படுகிறது. என் பக்கம் நீட்டியிருந்த தோசைக்கரண்டி பற்றி அல்பேனிய மரபில் குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை, மேலாய்வுக்குரியது.

தங்குமிடத்துக்கு வேலூர்க்காரன் வெளியே பாடம் கேட்க வேண்டியதில்லை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் தினமும் காட்பாடியில் இறங்குகிறார்கள். லாட்ஜில் அறையோடு அடுப்பையும் பாத்திரத்தையும் வாடகைக்கு எடுத்து, கடுகெண்ணெயில் மீன் வறுத்து, ரிப்போர்ட் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கிற இவர்களைவிடச் சிக்கனப் பயணி வேறு யார்? எந்தக் கருத்தரங்கிலும் இவர்களைப் பற்றிக் கட்டுரை வாசித்து நான் கேட்கவில்லை.

கடைசியாக விசா. பலமுறை நுழையும் ஷெங்கன் விசா ஒன்றை ஒருமுறையாவது பயன்படுத்தி, அது காலாவதியாகாமல் கையில் இருந்தால், அல்பேனியாவுக்குத் தனி விசா வேண்டாம். மிலான் தோல் கண்காட்சிக்குப் போய்வருகிற ஆம்பூர், ராணிப்பேட்டை முதலாளிகளுக்கு இது எளிது. மற்றவர்கள் என்ன செய்யலாம்? சிக்கனமான நாட்டுக்குப் போக, முதலில் செலவான நாட்டுக்குப் போய்வரலாம். அல்லது இணையத்தில் விண்ணப்பித்து, வங்கிக் கணக்கைக் காட்டலாம். காட்டுவதற்கு என்னிடம் இருப்பது, ஆய்வு எல்லை என்று தொடக்கத்திலேயே வரையறுத்த அந்தக் கடைசி வரிதான்.

அல்பேனியாவுக்கு உண்மையிலேயே போய்வந்தவர் எவராவது காட்பாடி வழியாக ரயிலில் போனால் தயவுசெய்து தெரிவியுங்கள். ஜன்னலோரம் வந்து நிற்கிறேன். ஒரே கேள்விதான்: எங்கள் பி.எஃப். பணத்தில் இரண்டு பேர் போய்வர முடியுமா? வண்டி அதிக நேரம் நிற்காது. தலையை ஆட்டினால் போதும்.