பத்து நிமிடச் சக்கரவர்த்தி

கொச்சியை விற்க இப்போது ஒரு சக்கரவர்த்தியே வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறார். கண்ணாடி மணி தைத்த கிரீடம், சரிகை அங்கி, கையில் வாள். ஐரோப்பாவில் சார்லமேன், இந்தக் கடற்கரையில் காரல்மான். போர்ச்சுகீசியர் காலத்தில் பிறந்த சவிட்டு நாடகத்தின் நாயகர். மரப்பலகை மேடை அதிர மிதித்து, பாடி, வாள் வீசி ஆடும் இசைநாடகம் அது. 'காரல்மான் சரிதம்' எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்பது மரபு. பாட்டுகளில் தமிழ் விரவிக் கிடக்கிறது. ஆகவே நாமும் மார்தட்டிக்கொள்ளலாம். தட்டியதைத் தவிர அந்தக் கலைக்கு நாம் வேறொன்றும் செய்ததில்லை.

பல இரவுகள் நீண்ட காரல்மானின் போர்கள் சுற்றுலா மேடையில் பத்து நிமிடத்தில் முடிகின்றன. கதகளிக்காவது ஒரு மணி நேரம் தருகிறார்கள். ஐந்து மணிக்குச் சாயம் பூசுவதைப் பார்க்கலாம், ஆறு மணிக்கு ஆட்டம். துச்சாசனனின் குடலை உருவினாலும் விருந்தினரின் இரவுச் சாப்பாட்டுக்குள் உருவிவிட வேண்டும்.

நாடகத்தால் ஊரை விற்கும் வித்தைக்கு நியூயார்க்கே குரு. 1975இல் திவாலின் விளிம்பில் நின்ற அந்த நகரத்தின் பெயரை, 1978இல் பிராட்வே நடிகர்களைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் பாடவிட்டு மாநில அரசு மீட்டது. இந்தப் பாடத்தை நம் சுற்றுலா மேதாவிகள் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். 1919இல் அதே பிராட்வேயின் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து, கொட்டகைகளை மூடவைத்து, சங்கத்தின் மூலம் ஒப்பந்தம் வாங்கிய கதை மட்டும் அவர்கள் கண்ணில் படவேயில்லை. அந்தப் பக்கத்தை எலி தின்றிருக்கும்.

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு, உழைப்பவனுக்கு எதையாவது எறிந்து வேலை வாங்கும் இந்த வியாபாரம் பழக்கமானதுதான். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் வேலைக்குக் காத்து நிற்கும் கூட்டத்தின் நடுவே, ஆள் எடுக்கும் மூப்பன் உலோக வில்லைகளை வீசுவான். சாப்பா என்று பெயர். அடித்துப்பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்று கூலி, மற்றவனுக்குப் பட்டினி. அந்த அநியாயத்தை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, அந்தோணி என்று மூன்று பேரை அந்தப் போராட்டம் பலிகொண்டது.

இன்றைய மூப்பன் வெள்ளைச் சட்டையில் வருகிறார், கூடவே விழாக்குழு. "நாலு வெளிநாட்டுக்காரர் பார்ப்பார்கள், பேர் வரும்" என்று எறிகிறார். பேரை உலையில் போட்டால் வேகுமா, ஐயா? உங்கள் வரவேற்புரைக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியாவது நாடகம் பயிற்றும் அண்ணாவிக்கு உண்டா? சுவரொட்டியில் உங்கள் பல் தெரிகிற அளவுக்கு ஆடுகிறவனின் பெயர் தெரிய வேண்டாமா? மிளகுக் கிடங்குகளைக் காப்பிக்கடையாகவும் ஓவியக்கூடமாகவும் மாற்றிவிட்டு 'பாரம்பரியம்' என்று பலகை மாட்டுகிறீர்கள். அந்தக் கிடங்குகளின் பின்சந்தில், ஒத்திபோலப் பணயக்காசு கட்டி ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிறவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? அவர்களும் பாரம்பரியம்தான், பல தலைமுறையாக அங்கேயே இருக்கிறார்கள். படத்தில் அழகாக விழமாட்டார்கள், அவ்வளவுதான் குறை.

கொச்சிக்குப் போகிறவர்களே, பத்து நிமிடக் காரல்மானுக்குக் கைதட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். சவிட்டு நாடகம் வாழும் கோதுருத்து கிராமத்தில் முழு நாடகம் எப்போது என்று விசாரியுங்கள். டிக்கெட் கிழிக்கிறவரிடம், இதில் ஆடுகிறவருக்கு எவ்வளவு போகிறது என்று உரக்கக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் காசைத் திருப்பிக் கேளுங்கள்.