பாதை வரும் வரைக்கும் ஒரு பயிற்சி

மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளித் துறை. மண்டூருக்குப் போகும் பாதைப் படகு இன்னும் அக்கரையில் நிற்கிறது. மருத்துவத் தகவலியல் படித்துவிட்டுக் கொழும்பிலிருந்து வந்திருக்கும் இளம் டொக்டர், மடிக்கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஓய்வுபெறக் காத்திருக்கும் குடும்பநல மாது, மிஸ்ஸி. படுவான்கரைப் பிள்ளைகளைத் தராசில் போட்டு நிறுத்தே காலத்தைக் கழித்தவர். கையில் குடையும் கொப்பியும்.

டொக்டர்: நாளைக்குப் பயிற்சி இருக்கு, மிஸ்ஸி. சுகாதார ஊழியருக்கான தகவல் தொழில்நுட்பத் திறன்கள். கட்டாயம் வரவேணும்.

மிஸ்ஸி: முந்தியும் ஒண்டுக்கு வந்தன், டொக்டர் தம்பி. பவர்பொயிண்டில எழுத்தைப் பறக்கவிடப் படிப்பிச்சாங்க. எழுத்து நல்லாத்தான் பறந்திச்சு. தாய்மாருக்குப் பிரஷர்தான் குறையல்ல.

டொக்டர்: இது அப்படியில்ல. இதில நம்மட நாடு லேசுப்பட்டதில்ல, தெரியுமா? 2009லயே கொழும்புப் பல்கலைக்கழகத்தில டொக்டர்மாருக்கு மருத்துவத் தகவலியலை முதுமாணிப் படிப்பாத் தொடங்கிட்டாங்க. 2020 ஜனவரியில, கொரோனா எட்டிப் பார்த்த உடனேயே, வெளிநாட்டால வாற ஆக்களைக் கண்காணிக்க டிஎச்ஐஎஸ்2 எண்ட சுகாதாரத் தரவு மென்பொருளில புதுப் பகுதி ஒண்டு செஞ்சது நாமதான். மென்பொருள் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின்ட. நாம செஞ்சதைப் பார்த்துத்தான் மற்ற நாடுகளும் எடுத்தாங்க.

மிஸ்ஸி: எங்கட தாய் சேய் கணக்கும் அதுக்குள்ளதானே போகுது. நல்ல விசயம். ஆனா எச் 512 கர்ப்பிணி அட்டை ரெண்டு இருக்கு, தாயிட்ட ஒண்டு, என்னட்ட ஒண்டு. ரெண்டிலயும் எழுதுறன். மறுகா கொப்பியில எழுதுறன். மாசக் கடைசியில கணக்குத் தாளில எழுதுறன். அதைப் பார்த்து இன்னொரு ஆள் கொம்பியூட்டரில அடிக்கிறார். கடதாசியை ஒழிக்க வந்த பெட்டிக்குத் தீனியே கடதாசிதான்.

டொக்டர்: அதுக்குத்தான் ஆளுக்கொரு சுகாதார இலக்கம். ஒருக்காப் பதிஞ்சா ஆயுளுக்கும் அதுதான்.

மிஸ்ஸி: நம்பர் எழுதின துண்டு வீட்டில கிடந்தா? இடுப்பு வலியோட வாற மனிசி துண்டையா தேடும்? உடனே புது நம்பர். தங்கேஸ்வரி எண்ட பேரை இங்கிலீசில ஒருத்தர் ‘டி’ போட்டு எழுதுறார், மற்றவர் ‘டிஎச்’ போடுறார். கலியாணம் கட்டினா தகப்பன் பேர் போய்ப் புருசன் பேர் வந்திரும். வயித்தில ஒரு பிள்ளை, கொம்பியூட்டரில நாலு தாய். முதல் தாய்க்குப் பெனிசிலின் ஒத்துக்காது எண்டு பதிஞ்சு கிடக்கு. நாலாவது தாய்க்கு அப்படி ஒண்டுமில்ல. ஊசி போடுற ஆள் எந்தத் தாயைப் பார்ப்பார்?

டொக்டர்: புதுசாப் பதிய முந்தித் தேடிப் பார்க்கவேணும். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, ஊர்...

மிஸ்ஸி: அதைப் படிப்பியுங்களன்! எழுத்துப் பறக்காட்டியும் பரவாயில்ல.

டொக்டர்: (குறித்துக்கொள்கிறார்) அதைவிட முக்கியம் பாதுகாப்பு. 2017ல வன்னாக்ரை எண்டு ஒரு வைரஸ். மென்பொருளைப் புதுப்பிக்காம விட்டதால பிரித்தானியாவில எத்தனையோ ஆஸ்பத்திரி முடங்கி, நோயாளரைத் திருப்பி அனுப்பினாங்க.

மிஸ்ஸி: கடல் தாண்டி ஏன் போறீங்க? 2021ல நம்மட மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின்ட தரவு அழிஞ்சது. 2023ல அரசாங்க மின்னஞ்சலில மே 17 தொடங்கி ஆகஸ்ட் 26 வரை உள்ளது போச்சு. மீட்கப் பிரதி இல்லையாம். என்ட கொப்பியும்தான் வெள்ளத்தில நனைஞ்சது. வெயிலில காயவச்சு வாசிச்சன்.

டொக்டர்: அதுதான் சொல்றன், பிரதி எடுக்கவேணும். ஆளுக்கொரு கடவுச்சொல் இருக்கவேணும். அதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடா.

மிஸ்ஸி: ஒரு இடத்தில பார்த்தன், திரையிலயே எழுதி ஒட்டிக் கிடக்கு. பக்கத்தில பிள்ளையார் படம். காவலுக்கு அவர்தான்போல.

டொக்டர்: பெரிய பிழை மிஸ்ஸி! 2022ல 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்திட்டு. நோயாளின்ட எக்ஸ்ரேயைப் போனில எடுத்து வட்சப் குறூப்பில போடுறாங்களே, அதுவும் பிழைதான்.

மிஸ்ஸி: அந்தக் குறூப்புக்கு அட்மின் ஆரு தம்பி?

(டொக்டருக்கு இருமல் வருகிறது. வாவிக் காற்று என்று வைத்துக்கொள்வோம்.)

மிஸ்ஸி: சரி, அதை விடுங்க. இத்தனை வருசமாக் கணக்கு அனுப்புறன். என்ட பகுதித் தாய்மாருக்கு ரத்தச்சோகை கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா எண்டு மேல இருந்து ஒரு வரி வந்ததில்ல. அடிக்கப் படிப்பிக்கிறீங்க. அதைத் திருப்பி எடுத்து வாசிக்கப் படிப்பிப்பீங்களா?

டொக்டர்: நாளை வரைக்கும் ஏன்? வரைபடமாவே இருக்கு, இப்பவே காட்டுறன். (மடிக்கணினியைத் திறக்கிறார். தட்டுகிறார். மீண்டும் தட்டுகிறார். போனை எடுக்கிறார்.) ஹலோ... நான்தான். உள்ள போக விடுதில்ல, கடவுச்சொல்லை மாத்திட்டீங்களா?... கேக்குதில்ல, சத்தமாச் சொல்லுங்க!... இருங்க, நான் திருப்பிச் சொல்றன், சரியா எண்டு பாருங்க. எம்... ஏ... டி... டி... யு... பிறகு ஒண்டு, ரெண்டு, மூண்டு...

(பாதை கரை தட்டுகிறது. மோட்டார் சைக்கிள்காரரும் மீன் வியாபாரியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறங்காமல் நின்று கேட்கிறார்கள்.)

பாதைக்காரர்: டொக்டர், அந்த முதல் எழுத்துப் பெரிசா, சின்னனா?