படிதாண்டாப் புருஷர்

படிதாண்டாப் பத்தினிகளைப் பற்றி நம் ஊரில் நிறையப் பேசியாகிவிட்டது. படிதாண்டாப் புருஷர்களைப் பற்றித்தான் பேச ஆளில்லை. அவர்களைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் காலை எட்டரை மணிக்குச் சென்னையில் எந்த பஸ் ஸ்டாப்பில் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி என்றால் இன்னும் விசேஷம். பின்வாசல் படியில் நாலைந்து பேர் நிற்பார்கள். மற்றவர்கள் உள்ளே இடம் இல்லாமல் நிற்பவர்கள். நம்மவர் இடம் இருந்தும் நிற்பவர். முகத்தைப் பார்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தொங்குகிறவன் முகத்தில் கவலை தெரியும். இவர் முகத்தில், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவரின் களை.

எனக்குப் பழக்கமானவர் ஜெமினியில் ஏறுவார். ஐம்பது வயது இருக்கும். முதுகில் லேப்டாப் பை. உள்ளே லேப்டாப் கிடையாது. இரண்டடுக்கு டிபன் பாக்ஸும் ஒரு குடையும். அவர் திரும்பும் போதெல்லாம் அந்த டிபன் பாக்ஸ் யார் விலாவையாவது பதம் பார்க்கும். "சாரி" என்று சொல்வதற்காக மறுபடி திரும்புவார். இந்தப் பக்கத்து விலாவுக்கும் ஒன்று கிடைக்கும்.

ஸ்டாப்பில் நிற்கும் வரைக்கும் அவர் பழுத்த பொதுவுடைமைவாதி. வண்டி வழக்கம்போல ஸ்டாப்பை விட்டு முப்பது அடி தள்ளிப்போய் நிற்கும். கூட்டம் ஓடும், அவரும் ஓடுவார். இறங்குகிறவர்களை இறங்க விட்டுவிட்டு ஏறுவது என்று ஒரு சம்பிரதாயம் உண்டு என்பதை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். வேறு ஏதோ ஜில்லாவில் நடக்கிற திருவிழாவைப் போல. கீரைக்கட்டும் கையுமாக இறங்கப் பார்க்கும் பெரியவரை ஒரு தோளால் ஒதுக்கிவிட்டுக் குரல் கொடுப்பார்:

"உள்ள போங்க சார்! உள்ள அவ்ளோ எடம் கெடக்கு. எல்லாரும் படியிலயே நின்னா, நாங்க ஆபீஸ் போக வேணாமா?"

அந்த 'நாங்க'வைக் கவனிக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் கீழே நிற்கும் பதினைந்து பேருக்கும் அவர்தான் தலைவர். வலது கால் படியில் படும். இடது கால் தரையை விட்டு எழும்பும். அவ்வளவுதான், பன்மை போய் ஒருமை வந்துவிடும். கழுத்தை மட்டும் திருப்பிச் சொல்வார்:

"பின்னாடியே ஒரு வண்டி காலியா வருது. அதுல வாங்கப்பா."

பின்னால் வந்துகொண்டிருப்பது தண்ணி லாரி.

அவர் நிற்கும் தோரணை தனி. இரண்டாம் படியில் வலது பாதத்தின் முன்பாதி மட்டும், குதிகால் காற்றில். இடது கை மேலே கம்பியில். வருஷக்கணக்காக உராய்ந்து அந்தக் கை மோதிரம் ஒரு பக்கம் தகடாகிவிட்டது. வலது கை வாசலுக்குக் குறுக்கே நீண்டு எதிர்க்கம்பியைப் பிடித்திருக்கும், சுங்கச்சாவடிக் கட்டை மாதிரி. ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தாலும் தூக்காத கட்டை. வண்டிக்குள் 'நிற்பவர் 25' என்று எழுதிப் போட்டிருப்பார்களே, அந்தக் கணக்கில் அவர் சேரமாட்டார். உள்ளே வந்தால்தானே எண்ணுவதற்கு?

"படியில நிக்கிறவங்கல்லாம் மேல ஏறுங்க!" என்று கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துவார். உடனே இவரும் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "மேல ஏறுங்கப்பா, கண்டக்டர் சொல்றாருல்ல" என்பார்.

"உங்களத்தான் சார் சொல்றேன்."

"அடுத்த ஸ்டாப் எறங்கணும்ணே."

"எங்க எறங்கணும்?"

"லஸ்."

ஜெமினிக்கும் லஸ்ஸுக்கும் நடுவில் எத்தனை ஸ்டாப் உண்டோ அத்தனையும் அவர் அகராதியில் ஒரே ஸ்டாப்.

ஆனால் ஒன்று, மனிதரை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் வராது. சென்னைக் கண்டக்டர் சீட்டை விட்டு எழுந்திருப்பது அபூர்வம். பின்வாசலை ஒட்டி அவர் உட்கார்ந்திருப்பார். டிக்கெட் காசுதான் அவரைத் தேடிக்கொண்டு போகும். முன்னாலிருந்து கை மாறிக் கை மாறி வரும் நோட்டுக்குக் கடைசிக் கை நம்மவருடையது. 'ஒரு அடையாறு' என்று கிளம்பிய செய்தி அவரிடம் வந்து சேரும்போது 'ரெண்டு அடையாறு' ஆகியிருக்கும். "யாருப்பா அது, ஒண்ணா ரெண்டா?" என்று விசாரித்து, டிக்கெட்டை வாங்கி, மீதிச் சில்லறையை அதற்குள் மடித்து, ஒரு ரூபாய் குறையாமல் திருப்பி அனுப்புவார். பிளேடு போடுகிறவன் நிற்கிற அதே கூட்டத்தில், முகம் தெரியாத எட்டுப் பேர் கைவழியே ஐம்பது ரூபாய் போய் டிக்கெட்டும் பாக்கியுமாகத் திரும்பி வருகிறதே, இந்த ஊரின் நாகரிகத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆனதும் அவருக்கு வேலை பாதி குறைந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் சார், உள்ளதான் காலியா இருக்கே. போய் நிக்கலாமே?"

"நீங்க வேற. உள்ள போனா லஸ்ல எறங்க முடியுமா? படியிலயே நிக்கிறானுங்க சார்."

யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய குலம் பழையது. சென்னையில் டிராம் ஓடத் தொடங்கிய 1895-இலேயே அவருடைய கொள்ளுத்தாத்தா ஒருவர் ஒற்றைக்காலில் ஏறியிருக்க வேண்டும். 1953-இல் டிராமை நிறுத்தியதற்கு நஷ்டம்தான் காரணம் என்கிறார்கள். யாரும் இறங்க வழியில்லாமல் நிறுத்தியிருப்பார்களோ என்று எனக்கொரு சந்தேகம். பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் அவருக்கு ஒரு தம்பி உண்டு. இவரைவிடத் தைரியசாலி, அவ்வளவுதான் சொல்வேன். மெட்ரோவில் ஒரு மருமகன் இருக்கிறான். இறங்குகிறவர்கள் நடுவில், ஏறுகிறவர்கள் ஓரத்தில் என்று பிளாட்பாரத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்களே, அந்த நடு அம்பின்மேல் ஷூ மறைக்க நிற்பான். 2025 ஜூன் கடைசியில் மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. படியே கிடையாது, கதவு தானாக மூடிக்கொள்ளும். சரி, குலம் முடிந்தது என்று நினைத்தேன். ஏறிப் பார்த்தால் மூடிய கதவின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிபன் பாக்ஸ் பை அதேதான்.

எங்கள் 29சி ஆள் உள்ளே போய் நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பிப்பதற்கு முந்தைய காலம். நவம்பர் மழை, அதுவும் சாய்ந்தடிக்கிற மழை. ஸ்டெல்லா மாரிஸ் வரைக்கும் சமாளித்தார். சட்டை தோள்வரை நனைந்ததும் வேறு வழியில்லாமல் இரண்டு படி ஏறி உள்ளே வந்து, புகுந்த வீட்டில் முதல்நாள் நிற்கிற பெண்போல எந்தக் கம்பியைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். கூட்டம் அவரை நடுவில் தள்ளிக்கொண்டு போய்விட்டது. காலியான படியில் காதில் இயர்போன் மாட்டிய ஒரு பையன் ஏறி நின்றான். மழை அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. குறுக்கே கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தான்.

லஸ் வந்தது.

"தம்பி, வழி விடுப்பா, எறங்கணும்."

பையன் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்தான். "நானும் எறங்கணும்தாண்ணா."

அவன் இறங்கவில்லை. விசில் அடித்தது. அவருக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கும் லஸ்தான்.

அடுத்த ஸ்டாப்பில் ஒருவழியாகப் பிதுங்கி இறங்கினோம். பையிலிருந்து குடையை எடுத்தார். கேட்காமலே பாதியை என் பக்கம் சாய்த்தார். ரோட்டைத் தாண்டும் வரைக்கும், "படியில நிக்கிறதுக்கு ஒரு மொறை இல்ல சார்? எறங்குறவனுக்கு வழி விட வேணாம்?" என்று அந்தப் பையனைத் திட்டிக்கொண்டே வந்தார். எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ஏறினோம். நான் உள்ளே போனேன். அவர் மழையைப் பார்த்தார், உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்தார், படியிலேயே நின்றுகொண்டார்.

"மேல ஏறு சார்," என்றார் கண்டக்டர்.

"அடுத்த ஸ்டாப் எறங்கணும்ணே."

எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் உண்மையைச் சொன்னார்.

"தெனமும் எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. மேல ஏறு சார் மொதல்ல," என்றார் கண்டக்டர்.