அண்ணாச்சி சர்வர் வைத்த அழகு

மதுரைக் கீழமாசி வீதியில் மொத்தப் பலசரக்கு வியாபாரம் பார்க்கும் எங்கள் அண்ணாச்சி எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவர் அல்ல. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்து ஊரே கம்ப்யூட்டரும் கையுமாக அலைந்தபோது, அவர் கணக்குப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்த பென் டிரைவை நம்பினார். பில் போடுகிற சிஸ்டத்திலிருந்து கணக்குப்பிள்ளை சிஸ்டத்துக்கு, அங்கிருந்து குடோனுக்கு, சாயங்காலம் ஆடிட்டர் ஆபீசுக்கு என்று அந்தப் பென் டிரைவ் நாள் முழுக்க நடந்தது. 'மார்ச் ஃபைனல்', 'மார்ச் ஃபைனல் புதுசு', 'மார்ச் இதுதான் ஃபைனல்' என்று ஒரே கணக்குக்கு மூன்று கோப்புகள். எது சரியானது என்பது கணக்குப்பிள்ளைக்கு மட்டும் தெரியும். அவர் ஊருக்குப் போன வாரம் யாரும் கணக்கே கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்கிற பக்குவம் அந்த ஆபீசில் எல்லாருக்கும் வாய்த்திருந்தது.

அப்படிப்பட்டவர் ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் சர்வர் வாங்கிவிட்டார். கம்ப்யூட்டர் கடையில் 'நாஸ்' என்று சொல்லி விற்கிறார்களே, அந்தக் கறுப்புப் பெட்டிதான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், பின்னால் ஒரு லேன் கேபிள். ஆபீசில் உள்ள எல்லா சிஸ்டமும் கோப்புகளை அதில் வைக்கும், அதிலிருந்தே எடுக்கும். சந்தனம் குங்குமம் வைத்து, மேஜைக்கு அடியில் தரையில், மிளகாய் வத்தல் சாக்குக்கும் மல்லி மூட்டைக்கும் நடுவே அதைக் குடிவைத்தார்கள். அலமாரியில் வைத்திருந்தால் காற்றோட்டம் கிடைத்திருக்கும். ஆனால் வாசம் கிடைத்திருக்குமா? இன்றைக்கு அந்தப் பெட்டியின் பின்பக்க ஃபேனில் மல்லித்தூள் விரல் கனத்துக்குப் படிந்திருக்கிறது. அது வெளியே தள்ளுகிற சூடான காற்றில் சாம்பார் பொடி வறுக்கிற மணம். ஹார்ட் டிஸ்க்கை இளவறுப்பாக வறுத்துப் பக்குவம் பார்க்கும் கலை வேறெந்த ஊர் ஆபீசிலும் இல்லை.

யுபிஎஸ் இல்லாமலா என்பீர்கள். இருக்கிறது. அதில் அண்ணாச்சியின் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் மாட்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் மனிதன் முக்கியமா, பெட்டி முக்கியமா? மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாளில், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் நிற்க, பெட்டி பட்டென்று கண் மூடும். அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு சொட்டு வியர்க்காது. இதைவிடத் தெளிவாக எந்த முதலாளி தன் முன்னுரிமைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்?

கேபிள் இழுத்த சிக்கனத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பி. நொடிக்கு 1000 மெகாபிட் வேகம் வேண்டுமென்றால் எட்டும் வேலை செய்ய வேண்டும். நாலே கம்பி போதுமென்றால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். அதாவது நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்குப் போக வேண்டிய கோப்பு, 12 மெகாபைட்டுக்குள் அடங்கிப் போகும். சிஸ்டம் பார்க்க வந்த தம்பி இதைச் சொன்னபோது அண்ணாச்சி ஒரே வார்த்தையில் முடித்தார்: "நாலு கம்பியில ஓடும்ல? மிச்ச நாலுல இன்னொரு சிஸ்டத்த இழு தம்பி." தம்பியும் "செஞ்சிருவோம் அண்ணாச்சி" என்று ஒரே கேபிளைப் பிளந்து இரண்டு சிஸ்டத்துக்குக் கொடுத்தார். டாலியைத் திறந்துவிட்டுத் தெருமுனையில் டீ குடித்துத் திரும்பினால் லெட்ஜர் வந்திருக்கும். தொழிலாளர்களுக்கு இப்படி ஓய்வு கொடுக்கிற கடை மாசி வீதியில் வேறு எது?

பெரியவர்களை மதிக்கும் பண்பும் அங்கே உண்டு. குடோனில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டம் இருக்கிறது. மைக்ரோசாப்ட் அதைக் கைகழுவியது 2014 ஏப்ரலில். புதுப் பெட்டியோடு அதற்குப் பேச்சு வரவில்லை என்றதும், பெட்டியில் பூட்டிக் கிடந்த 'எஸ்எம்பி 1' என்ற பழைய வழியைத் திறந்துவிட்டார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த வழியாகத்தான். அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் அதில் அடக்கம். ஏழுமலையான் சன்னதிக்கே வந்த விருந்தாளி, கீழமாசி வீதிக்கு மட்டும் வரக் கூடாதா?

விருந்தோம்பல் என்றதும் நினைவுக்கு வருகிறது. அண்ணாச்சிக்குத் திருநகர் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க ஆசை. ரூட்டரில் ஒரு வாசலைத் திறந்து, பெட்டியை நேராக இன்டர்நெட்டில் நிறுத்தினார் தம்பி. பாஸ்வேர்டைக் கஷ்டமானதாக வைத்து, மறக்காமலிருக்கத் தினசரி காலண்டர் தாளில் எழுதினார்கள். மறுநாள் காலை வழக்கம்போலத் தாளைக் கிழித்து, அதில் யாரோ வடை மடித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, 'அட்மின்' என்று, யாருக்கும் பாரபட்சம் இல்லாமல். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் இப்படி இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்திருந்த கியூநாப் கம்பெனிப் பெட்டிகளைத் தேடிப் போய்க் கோப்புகளைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. பாஸ்வேர்டைக்கூட அவர்கள் கேட்கவில்லை. பெட்டியின் மென்பொருளிலேயே ஓட்டை இருந்தது. அண்ணாச்சி அந்தச் சிரமத்தையும் யாருக்கும் வைக்காதவர்.

இனி அவருடைய தலைசிறந்த சாதனைக்கு வருகிறேன். பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் நகல் மற்றொன்று. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர், விலை குறைந்த டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்த்து ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் ஓட்டுவது எப்படி என்று கட்டுரை எழுதி, அந்த ஏற்பாட்டுக்கு 'ரெய்டு' என்று பெயர் வைத்தார்கள். ஒன்று செத்தால் பெட்டி 'பீப், பீப்' என்று கத்தும். உடனே புது டிஸ்க் ஒன்றை மாட்ட வேண்டும். உயிரோடு இருப்பது தன்னிடமுள்ளதை அதில் எழுதிக் கொடுக்கும். அண்ணாச்சியின் பெட்டியும் ஒரு நாள் கத்தியது. மல்லித்தூள் வேலையைக் காட்டியிருந்தது. பில் போடும் பெண், "அண்ணாச்சி, சவுண்டு தாங்கல" என்றது. தம்பிக்குப் போன் போட்டார்கள். "உள்ள போய் சவுண்ட ஆஃப் பண்ணிருங்க, நான் ஒரு நாள் வந்து பாக்குறேன்" என்றார் தம்பி. பண்ணினார்கள். முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு ஒன்று மட்டும் விடாமல் எரிந்தது. அதன் மேல் ஒரு விபூதிப் பாக்கெட்டைச் சாய்த்து வைத்தார்கள். பெர்க்லிக்காரர்கள் டிஸ்க் சாவதைத் தாங்குவதற்குத்தான் வழி சொன்னார்கள். டிஸ்க் செத்ததே தெரியாமல் நிம்மதியாக இருக்க வழி கண்டது மதுரை. தம்பியின் அந்த 'ஒரு நாள்' இன்னும் வரவில்லை.

இரண்டு டிஸ்க்கும் உயிரோடு இருந்த காலத்திலேயே அவற்றின் ஒற்றுமையை ஒருமுறை பார்த்தார்கள். யாரோ தவறுதலாக ஒரு வருடத்துக் கொள்முதல் ஃபோல்டரை அழிக்க, இரண்டிலிருந்தும் ஒரே நொடியில் போயிற்று. நகலின் வேலையே அதுதான்: சொன்னதை அப்படியே செய்வது. பெட்டியில் குப்பைத் தொட்டி வசதி உண்டு, இடத்தை அடைக்கிறது என்று அதை முன்பே நிறுத்தியிருந்தார்கள். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் ஒரு கணக்குச் சொல்வார்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதி வேறு இடத்தில். அண்ணாச்சி இந்த விஷயத்தில் குறை வைக்கவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்கிப் பேக்கப் எடுக்கச் சொன்னார். அது பெட்டியின் முதுகில் செருகியபடியே, அதே மேஜைக்கு அடியில், அதே வத்தல் சாக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சி அம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்ததே, அங்கிருந்து கடைக்கு நடக்கிற தூரம்தான். 2024 அக்டோபர் மழையில் செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததே, அது ஆற்றுக்கு அக்கரைதான். நெருப்பும் தண்ணீரும் அண்ணாச்சியைத் தெரிந்து வைத்திருக்கின்றன. தரையோடு தரையாகப் பெட்டி இருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு விலகிப் போகும்.

ஆனால் ஜிஎஸ்டி விதி 57 இரக்கப்படுவதில்லை. விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும் வகையில் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறது. உயிரோடு இருக்கும் அந்த ஒற்றை டிஸ்க்குக்குக் கம்பெனி கொடுத்த வாரண்டி 36 மாதம். மிச்சம் 36 மாதத்துக்குப் பாண்டி கோயில் முனி பொறுப்பு.